வாசகர் கேள்வி பதில்: பதினெட்டு வயதுப் பையனும் பெரிய லீக் கணக்கும்

கேள்வி: என்.எச்.எல். என்கிற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கில், ஆண்டுதோறும் 18 வயதுப் பையன்களை அணிகள் முறைபோட்டு எடுத்துக்கொள்கின்றனவாம். பையன் ஆடுவது எங்கோ ஒரு ஜூனியர் லீக்கில். பெரிய லீக்கில் எத்தனை புள்ளி எடுப்பான் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா? புள்ளியியல் படிக்கிறேன், போட்டே காட்டிவிடுங்கள்.
— கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்

பதில்: போடலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கடலில் பிடித்த மீன் என்பது. வடகடலில் விசைப்படகு கொண்டுவரும் கிலோவையும் தென்கடலில் நாட்டுப்படகு கொண்டுவரும் கிலோவையும் பாம்பனில் யாரும் ஒரே தராசில் வைத்துத் திறமை பேச மாட்டார்கள். லீக்குகளும் அப்படித்தான்.

கோல் அடித்தவருக்கு 1 புள்ளி, அதற்குப் பந்து (இங்கே ‘பக்’ என்கிற ரப்பர் வட்டு) தள்ளிக் கொடுத்தவர்களில் அதிகபட்சம் இருவருக்குத் தலா 1. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்து, அதை அந்த லீக்கின் காரணியால் பெருக்கி, 82 ஆட்டங்களுக்கு (2025-26 வரை என்.எச்.எல்.லில் ஓர் அணியின் முழுப் பருவம்) விரித்தால் ஒரு தோராயம் வரும். காரணி எங்கிருந்து வருகிறது? ஒரு லீக்கிலிருந்து என்.எச்.எல்.லுக்குப் போனவர்கள் அங்கே எடுத்த புள்ளி விகிதத்தை, இங்கே எடுத்த விகிதத்தால் வகுத்துச் சராசரி காண்கிறார்கள். ஒன்டாரியோ ஜூனியர் லீக்குக்குச் சுமார் 0.3, ஸ்வீடன் ஆண்கள் முதல்நிலை லீக்குக்குச் சுமார் 0.55 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடுபவரைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும்.

இரண்டு கற்பனைப் பையன்கள். முதலாமவன் ஒன்டாரியோவில் 64 ஆட்டத்தில் 80 புள்ளி. 80 ÷ 64 = 1.25, 0.3-ஆல் பெருக்கினால் 0.375, 82 ஆட்டத்துக்கு 31 புள்ளி. இரண்டாமவன் ஸ்வீடனில் 40 ஆட்டத்தில் 14 புள்ளி. 0.35 × 0.55 = 0.19, 82 ஆட்டத்துக்கு வெறும் 16. முதலாமவனை எடுத்துவிடலாம் போலிருக்கிறது, இல்லையா? அவசரப்படாதீர்கள். ஸ்வீடன் பையனை வளர்ந்த ஆண்களுக்கு நடுவே ஆட்டத்துக்கு 9 நிமிடம்தான் இறக்கினார்கள். ஒன்டாரியோ பையன் தன் வயதுக்காரர்களோடு 21 நிமிடம் ஆடினான். 60 நிமிடத்துக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள்: ஸ்வீடனில் 360 நிமிடத்தில் 14 புள்ளி, அதாவது 2.33, ஒன்டாரியோவில் 1,344 நிமிடத்தில் 80, அதாவது 3.57. காரணியால் பெருக்கினால் முறையே 1.28, 1.07. வரிசை புரண்டுவிட்டது. காரணியே ஆட்டத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் பிறந்தது என்பதால் இந்த இரண்டாவது கணக்கை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் நிமிடத்தைப் பார்க்காத கணக்கு பாதிக் கணக்கு.

அடுத்தது பிறந்த தேதி. செப்டம்பர் 15-க்குள் 18 முடிந்தவர்களுக்கே அந்த ஆண்டு வாய்ப்பு. என்.எச்.எல். நட்சத்திரம் ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டே நாளில் 2015 தேர்வு கைநழுவி, 2016-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஒரே தேர்வில் நிற்கும் இருவருக்கு நடுவே ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி இடைவெளி இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சிறு வயதுப் பிரிவுகளையோ ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்த ஆண்டை வைத்துப் பிரிக்கிறார்கள். அங்கே ஜனவரியில் பிறந்தவன் பெரியவனாகத் தெரிவான், கூடுதலாக ஆடவிடுவார்கள், அதனாலேயே இன்னும் தேறுவான். 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களை அணிகள் அவர்கள் தகுதிக்குக் கீழே மதிப்பிடுகின்றன என்றே கண்டது.

இன்னொரு பள்ளம்: காரணி என்பது மேலே போய்ச் சேர்ந்தவர்களை மட்டும் அளந்தது. போகாதவர்கள் அதில் இல்லை, ஆகவே நடுத்தர ஆட்டக்காரனுக்கு அது தாராளம் காட்டும். உச்சியில் இருப்பவனுக்கோ கஞ்சத்தனம். பின்னாளில் என்.எச்.எல். நட்சத்திரமான கானர் மெக்டேவிட், ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் 2014-15-ல் 47 ஆட்டத்தில் 120 புள்ளி எடுத்தார். நம் சூத்திரம் 82 ஆட்டத்துக்கு 63 என்கிறது. அடுத்த பருவத்தில் என்.எச்.எல்.லில் அவர் காயத்தால் 45 ஆட்டமே ஆடி 48 எடுத்தார்; அந்த வேகத்தை விரித்தால் 87.

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் என் மச்சான் மகன் எக்கச்சக்கமாகப் புள்ளி எடுக்கிறான். ஆனாலும் ‘கூட ஆடுகிறவன் எடுத்துத் தருகிறான்’ என்று ஆள் பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். நியாயமா?
— கீழக்கரை வாசகர்

பதில்: சந்தேகம் நியாயமானது, சோதிக்காமல் விடுவதுதான் அநியாயம். ஒரே படகில் போன நாலு பேருக்கும் பங்கு விழும். வலையை யார் இழுத்தார் என்பதைப் பங்கு சொல்லாது. புள்ளியைப் பிரியுங்கள்: கோல், கோலுக்கு முந்தின பாஸ், அதற்கும் முந்தின பாஸ். மூன்றாவது வகை வருடத்துக்கு வருடம் அதிகம் ஏறி இறங்கும், அதைப் பாதியாக மதிப்பிடுவது நல்லது. பவர் பிளேயில், எதிரணியில் ஆள் குறைவான நேரத்தில், வந்த புள்ளியைத் தனியே எழுதுங்கள். பிறகு அந்தக் கூட்டாளி ஆடாத நாட்களில் இவன் என்ன செய்தான் என்று பாருங்கள்.

அலெக்ஸ் டிப்ரின்கட் இதற்கு நல்ல உதாரணம். மெக்டேவிட் இருந்த ஜூனியர் அணியில் 2014-15-ல் 51 கோல். ‘அவர் புண்ணியம்’ என்றார்கள். மெக்டேவிட் போன மறு வருடம், 60 ஆட்டத்தில் மறுபடியும் 51. ஆள் 5 அடி 7 அங்குலம் என்பதும் பலர் கண்ணை உறுத்தியது. 2016-ல் 39-வது ஆளாகத்தான் போனார். என்.எச்.எல். முதல் பருவத்தில் 28 கோல்.

குறைந்த ஷாட்டில் நிறையக் கோல் வந்திருந்தால் மட்டும் உஷார். 50 ஷாட்டில் 12 கோல் என்றால் 24 சதவீதம்; அது அநேகமாக நிலைக்காது. லீக் சராசரி 12 சதவீதம் என்று கொண்டு, கற்பனையாக 100 ஷாட்டும் 12 கோலும் சேர்த்துவிடுங்கள்: 24 ÷ 150 = 16 சதவீதம். எதிர்காலத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கோல் கீப்பருக்கும் இதே கணக்கா?
— தொண்டி வாசகர்

பதில்: இல்லை. அவர்கள் முதிர நாளாகும், தடுப்பு சதவீதமோ முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களின் தரத்தைப் பொறுத்தது. பின்னாளில் பெரிய பெயர் எடுத்த கீப்பர்களில் ஹென்ரிக் லண்ட்க்விஸ்ட் 2000 தேர்வில் 205-வது ஆள், பெக்கா ரின்னே 2004-ல் 258-வது. முதல் சுற்றை இதில் செலவழிப்பது எங்கள் பார்வையில் சூதாட்டம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பனியும் இல்லை, பக்கும் இல்லை. 17 வயதுக்குட்பட்டோர் கபடி அணிக்கு ஆள் எடுக்க இந்த முறை உதவுமா?
— உடற்கல்வி ஆசிரியர், மண்டபம்

பதில்: நன்றாகவே உதவும், ஐயா. மொத்த ரெய்டு புள்ளியை விடுங்கள். எத்தனை ரெய்டு போய் எத்தனை புள்ளி என்று எழுதுங்கள். 40 ரெய்டில் 22 எடுத்தவனைவிட 20 ரெய்டில் 14 எடுத்தவன் (0.55-க்கு 0.70) கவனிக்க வேண்டியவன், ஆனால் 20 ரெய்டு போதாது, இன்னும் சில ஆட்டம் அனுப்பிப் பாருங்கள். போனஸ் புள்ளியைத் தனியாக வையுங்கள், அது எதிரில் ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கும்போது மட்டுமே கிடைப்பது. எதிரில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது எடுத்த புள்ளியையும் பிரியுங்கள். எதிரணி பக்கத்து ஊர்ப் பையன்களா, மாவட்ட அணியா என்று ஒரு கட்டம் போடுங்கள். பெயருக்கு அடுத்த கட்டத்தில் பிறந்த மாதம் வரட்டும். உயரத்தை எழுதும் கட்டம் கடைசியில் இருந்தால் போதும்.