கேளுங்கள்: பெண்கள் பெயர் எங்கே போயிற்று?

கேள்வி: உலகெங்கும் உள்ள கறுப்பின மக்களை ஒன்றுசேர்க்க எழுந்த பான் ஆப்பிரிக்க இயக்கம் என்றாலே டு பாய்ஸ், கார்வி, என்குருமா என்று ஆண் தலைவர்கள் பெயராகவே சொல்கிறார்களே, பெண்களே கிடையாதா?

பதில்: ஏன் இல்லாமல்? 1900-இல் லண்டனில் நடந்த முதல் பான் ஆப்பிரிக்க மாநாட்டிலேயே அன்னா ஜூலியா கூப்பர் பேசியிருக்கிறார், அடிமையாகப் பிறந்தவர் அவர். 1914-இல் ஜமைக்காவில் மார்கஸ் கார்வி கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காகத் தன் இயக்கத்தைத் தொடங்கியபோது கூடவே நின்று கட்டியவர் ஆமி ஆஷ்வுட். பிறகு ஆஷ்வுட் கார்வியையே மணந்தார், சில மாதங்களிலேயே கார்வி பிரிந்துவிட்டார். அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் தோழியாக நின்ற ஆமி ஜாக்ஸ்தான் இரண்டாவது மனைவி! ஆனால் ஆஷ்வுட் ஒதுங்கிவிடவில்லை. 1945-இல் மான்செஸ்டரில், பின்னாளில் கென்யாவுக்கும் கானாவுக்கும் தலைவர்களான கென்யாட்டாவும் என்குருமாவும் வந்திருந்த பான் ஆப்பிரிக்க மாநாட்டின் முதல் அமர்வுக்குத் தலைமை தாங்கியது அவர்தான். கறுப்பினப் பெண்ணைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லையே என்று அங்கேயே கேட்டும் விட்டார்.

கேள்வி: பெண்ணியம் எல்லாப் பெண்களுக்கும்தானே, அதில் கறுப்பினப் பெண்ணியம் என்று தனியாக எதற்கு?

பதில்: இதற்கு கிளாடியா ஜோன்ஸைத்தான் கேட்க வேண்டும். டிரினிடாடில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கம்யூனிஸ்ட். கறுப்பினத்தவர், பெண், தொழிலாளி என்று மூன்று வகையிலும் ஒருத்தியே அடிபடுகிறாள் என்று 1949-இல் ஒரு கட்டுரை எழுதினார், சொந்தத் தோழர்களையும் அதில் விடவில்லை. முற்போக்காளர்கள் கூடும் விருந்துகளில் வெள்ளை ஆண்களும் பெண்களும் கறுப்பின ஆண்களும் சேர்ந்து ஆடுவார்களாம், கறுப்பினப் பெண்களை மட்டும் யாரும் ஆடக் கூப்பிட மாட்டார்களாம். சரி, இனத்தைப் பற்றி மட்டும் பேசுகிற சங்கத்திலோ பெண்ணைப் பற்றி மட்டும் பேசுகிற சங்கத்திலோ இதை எங்கே போய்ச் சொல்வது?

அமெரிக்கா அவரைச் சிறையில் போட்டு, 1955-இல் நாடு கடத்தியது. லண்டனுக்குப் போன மனுஷி சும்மா இருந்தாரா? 1958-இல் கரீபிய மக்களுக்காகப் பத்திரிகை தொடங்கினார். அதே வருடம் லண்டனின் நாட்டிங் ஹில்லில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்க, அடுத்த ஜனவரியில் செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹாலில் கார்னிவல் என்கிற கரீபிய ஆட்டபாட்டத் திருவிழாவை நடத்திக் காட்டினார். இப்போது லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் கார்ல் மார்க்ஸ் பக்கத்திலேயே இருக்கிறார்.

கேள்வி: இதெல்லாம் லண்டன், அமெரிக்கா கதை. ஆப்பிரிக்காவுக்குள்ளே?

பதில்: பாடகர் ஃபெலா குட்டியைத் தெரியும் அல்லவா, அவருடைய அம்மா ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி. நைஜீரியாவின் அபேயோகுட்டாவில் பெண்கள் மீது போட்ட வரியை எதிர்த்துச் சந்தை வியாபாரிகளான பெண்களைத் திரட்டி, அரண்மனை வாசலில் மன்னரைக் கிண்டல் செய்து பாட்டுப் பாட வைத்தார். 1949 ஜனவரியில் மன்னர் பதவி விலகினார். அடுத்த வருடக் கடைசியில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார் என்பது வேறு விஷயம்.