வசந்தம் நின்று நின்று ஓடுகிறது: புது மடிக்கணினி வாங்க வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூர்த் தெம்பனிஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். அம்மாவின் அறையில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. 2017இல் வாங்கிய மடிக்கணினியில், ஆன்டெனா வழியாக வரும் ஒளிபரப்பைப் பிடிக்கும் யுஎஸ்பி டியூனரைச் செருகி அதில்தான் அவர் வசந்தம் தமிழ் சேனலைப் பார்க்கிறார். வரவேற்பறைக்குப் போகும் ஆன்டெனா வயரிலிருந்தே இதற்கும் பிரித்து இழுத்திருக்கிறோம். நாடகங்களைப் பதிவு செய்து வைக்கலாம் என்று போன மாதம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, டியூனர் இருக்கும் அதே யுஎஸ்பி ஹப்பில் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டியில்) மாட்டினோம். கொஞ்ச நாளாகப் படம் நின்று நின்று ஓடுகிறது. சில நேரம் முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. செய்தியில் கீழே ஓடும் எழுத்து எப்போதுமே துள்ளித் துள்ளித்தான் போகிறது. கடையில் கேட்டால், “கணினி பழசு, மாற்றிவிடுங்கள்” என்று 1,200 வெள்ளிக்கு ஒன்றைக் காட்டுகிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த 1,200 வெள்ளி பத்திரமாக இருக்கட்டும்.

சிங்கப்பூரில் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறை வழியாக வரும் படம் எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்டது. 2017இல் வந்த சாதாரண மடிக்கணினியின் கிராஃபிக்ஸ் சிப்பே அதை அலட்டிக்கொள்ளாமல் விரித்துவிடும். ஜெர்மனியில் அதைவிட அதிகமாகச் சுருக்கும் எச்இவிசி முறையில் ஒளிபரப்புகிறார்கள். அங்கே 2012ஆம் ஆண்டுக் கணினி வைத்திருப்பவருக்கு அந்தக் கடைக்காரரின் பேச்சு பொருந்தலாம். உங்களுக்குப் பொருந்தாது. சந்தேகம் இருந்தால், படம் ஓடும்போது, கணினி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசசர் 90, 100 சதவீதத்தில் நின்றால் மட்டும், டிவி மென்பொருளின் அமைப்பில் ஹார்டுவேர் டீகோடிங் (விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பார்த்து அதை இயக்குங்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. போன மாதம் டிஸ்க் வந்தது, அதற்குப் பிறகுதான் படம் நிற்கத் தொடங்கியது. சுவரில் செருகும் அடாப்டர் இல்லாத ஹப் என்றால், கணினியின் ஒரே ஒரு யுஎஸ்பி துளையிலிருந்துதான் டியூனர், டிஸ்க் இரண்டுமே மின்சாரம் எடுக்கின்றன. யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் அதுவே அவ்வளவையும் கேட்கும். டியூனர் அந்த நொடியில் தடுமாறினால், வந்துகொண்டிருந்த தரவு போனது போனதுதான். ஒளிபரப்பு திரும்ப ஒரு தடவை அனுப்பாது. முதலில் டியூனரைக் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். டிஸ்க்கை இரண்டு நாள் எடுத்து வையுங்கள். நேரலையை நிறுத்திப் பார்க்கும் டைம்ஷிஃப்ட் வசதி, பார்ப்பதை எல்லாம் விடாமல் டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். செலவில்லாத வேலை இது.

அப்புறமும் கட்டம் கட்டமாக உடைந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். கால் மணி நேரம் பதிவு செய்து, ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அந்தக் கோப்பை விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டு முறையும் அதே வசனத்தில், அதே முகத்தில் படம் உடைகிறதா? அப்படியானால் தரவு கோப்புக்குள் போகும்போதே ஓட்டையாகப் போயிருக்கிறது. குறை ஆன்டெனா, வயர், டியூனர் பக்கம். வெவ்வேறு இடத்தில் நின்றால் குறை கணினியில். விஎல்சியில் கன்ட்ரோலையும் ஜே எழுத்தையும் சேர்த்து அழுத்தி, புள்ளிவிவரப் பக்கத்துக்குப் போனால் இது எண்ணாகவே தெரியும். கெட்டுப்போன, விட்டுப்போன தரவின் எண்ணிக்கை ஏறினால் வரவு சரியில்லை. அது அசையாமல், தவறவிட்ட ஃபிரேம்களின் (தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கை மட்டும் ஏறினால் கணினி திணறுகிறது. எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்த எண்களை முதலில் பாருங்கள்.

வரவு சரியில்லை என்று தெரிந்தால் வயருக்கு வாருங்கள். வயரை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் பாதி வலுகூட முழுதாகப் போகாது. அந்தக் கால அனலாக் என்றால் படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து முன்கூட்டியே எச்சரிக்கும். டிஜிட்டல் விளிம்பு வரை பளிச்சென்று இருந்துவிட்டு ஒரேயடியாக விழும். அதனால்தான் வரவேற்பறையில் நன்றாக வருவது அறையில் உடைகிறது. பிரிப்பானை எடுத்துவிட்டு வயரை நேராக டியூனரில் ஒரு மாலை கொடுத்துப் பாருங்கள். வயர் முனையில் இருக்கும் பின்னையும் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று வாரம் படுத்திய கோளாறு அங்கேதான் இருந்தது. வெளிப் பின்னலிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரே ஒரு செம்பு இழை வளைந்து, நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நகவெட்டியால் அதை நறுக்கியதும் படம் நின்றுவிட்டது, அதாவது உடையாமல் நின்றது. அதற்கு முன்பே புது டியூனர் வாங்கிவிட்டேன் என்பதால்தான் உங்களிடம் இவ்வளவு சொல்கிறேன்.

ஓடும் எழுத்து துள்ளுவது வேறு விஷயம். எப்போதுமே அப்படி என்கிறீர்கள் அல்லவா, அதுவே துப்பு. இங்கே ஒளிபரப்பு விநாடிக்கு 50 படம் என்ற கணக்கில் வருகிறது. மடிக்கணினித் திரை 60 தடவை புதுப்பிக்கிறது. மிச்சமுள்ள 10 தடவை காட்டியதையே மறுபடி காட்டியாக வேண்டும். முகத்தில் அது தெரியாது, சீராக ஓடும் எழுத்தில் தெரிந்துவிடும். விண்டோஸ் திரை அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 தடவை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள். பல மடிக்கணினிகளில் அது இருக்காது. மென்பொருளில், வரி விட்டு வரியாக வரும் படத்தைச் சேர்த்துக் காட்டும் டீஇன்டர்லேஸ் என்பதையும் இயக்கி வையுங்கள். இது எதுவும் அம்மாவின் கண்ணை உறுத்தவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி: ‘எச்டி டிவி’ என்று பெட்டியில் போட்டிருந்த டியூனரைச் சிம் லிம் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். எவ்வளவு தேடினாலும் ஒரு சேனல்கூட வரவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: பெட்டியில் டி2 (டிவிபி-டி2) என்று இருக்கிறதா? அதற்கு முந்தைய முறையான வெறும் டிவிபி-டி என்றால் சிங்கப்பூரில் அதற்கு வேலையே இல்லை. மலிவு டியூனர்களில் பரவலாக இருக்கும் ஆர்டிஎல்2832யூ என்ற சிப் தனியாக டி2வைப் பிடிக்காது.

சிங்கப்பூரில் பார்க்கத்தான் வாங்குகிறேன் என்று நீங்கள் சொல்லி, அவர்களும் வரும் என்று விற்றிருந்தால் விடாதீர்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் லா’ சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரக் கேளுங்கள். டி2 பிடிக்கும் டியூனரை மாற்றித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ரசீதையும், சேனல் தேடும் திரையின் படத்தையும் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வாங்கி 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.