முதல் ஈத்துப் பசு உதைக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: ஜெர்சி கலப்பினம், முதல் ஈத்து. கன்று போட்டு மூன்று வாரம் ஆகிறது. காம்பில் கை வைத்தாலே உதைக்கிறது. எழுந்து விலகி, கொஞ்சம் புண்ணாக்கு வைத்துச் சமாதானப்படுத்திய பிறகுதான் கறக்க முடிகிறது. நாளுக்கு நாள் உதை கூடுகிறது. கம்பால் அடித்தும் பார்த்தாயிற்று.

பதில்: முதலில் மடியைப் பாருங்கள். சூடு, வீக்கம், காம்பில் வெடிப்பு, பாலில் திரிதிரியாக வருவது என்று ஏதாவது இருந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வலியில் உதைக்கிற மாட்டைப் பழக்க முடியாது. கறப்பவரின் நகத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

மடியில் கோளாறு எதுவும் இல்லை என்றால், காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உதைத்தால் பிடிக்காத கை விலகுகிறது, பின்னாலேயே புண்ணாக்கும் வருகிறது. ஒரு உதைக்கு இரட்டைக் கூலி!

அமெரிக்காவில் தார்ண்டைக் என்ற உளவியலாளர் பூனைகளைக் கூண்டில் அடைத்து, வெளியே தீனி வைத்துப் பார்த்தார். 1898-ல் அதை வெளியிட்டார். பூனை கண்டபடி பிராண்டும், தற்செயலாகத் தாழ் விடுபட்டுக் கதவு திறக்கும். திரும்பத் திரும்ப அடைத்தபோது வீண் பிராண்டல் குறைந்து, நேராகத் தாழுக்கே போனது. பலன் தந்த செயல்தான் நிலைக்கிறது. 1930-களில் ஸ்கின்னர் என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர், நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும் பெட்டியில் எலிகளை வைத்து இதை விரித்தார். தீனி கிடைப்பது மட்டுமல்ல, தொல்லை நீங்குவதும் செயலை வலுப்படுத்தும். இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். பலர் இதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்கிறார்கள், நேர் எதிர்.

ஆகவே கூலியை மாற்றுங்கள். கழி நுனியில் பழந்துணி சுற்றி, உதை எட்டாத இடத்தில் பக்கவாட்டில் நின்று மடியில் வையுங்கள். உதைத்தாலும் எடுக்காதீர்கள். கால் தரையில் ஊன்றி அசையாமல் நின்றதும் உடனே எடுங்கள்; அந்த நொடியிலேயே தலைப்பக்கம் நிற்பவர் ஒரு பிடி புண்ணாக்கு கொடுக்கட்டும். தாமதித்தால் மாட்டுக்கு எதற்குக் கிடைத்தது என்று தெரியாது. நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, அப்புறம் கையை வையுங்கள்.

தொடக்கத்தில் உதை முன்னைவிட வேகமாகவே வரும். பழைய கூலி நின்றுபோனால் அப்படித்தான், பயந்து விட்டுவிடாதீர்கள். நீங்கள் உறுதியாக இருந்து, வீட்டில் இன்னொருவர் இடையிடையே விலகினால் அதுதான் மோசம்: எப்போதாவது பலிக்கிற பழக்கம் லேசில் அழியாது.

கம்பை ஓரம் வையுங்கள். மிரண்ட மாட்டுக்கு அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும். பாலை இறக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் வேலையை அது தடுக்கும். அடித்துக் கறந்தால் பாலும் மடியிலேயே தங்கிவிடும்.