கோட்டையில் கடைக்கால் தோண்டும் முன்

கேள்வி: வக்கீல் சார், சேலம் கோட்டைப் பகுதியில் எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு இருக்கிறது. அதை இடித்து, தரைக்குக் கீழே பார்க்கிங் வைத்துக் கடைகள் கட்டப் போகிறோம். “பழைய கோட்டை இருந்த இடம், தொல்லியல் துறையைக் கேட்காமல் தோண்டினால் இடத்தையே எடுத்துக்கொள்வார்கள்” என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: அவர் சொல்வதில் கால்வாசிதான் உண்மை. பாதுகாக்கப்பட்ட சின்னம் எதுவும் அருகில் இல்லாத தனியார் மனையில், கட்டும் முன் தொல்லியல் ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. சங்ககிரிக் கோட்டை போல மத்திய அரசு பாதுகாக்கும் சின்னம் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. பழஞ்சின்னங்களைக் காக்கும் மத்தியச் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். உங்கள் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அருகில் மத்திய, மாநிலப் பட்டியலில் ஏதாவது உண்டா என்று இரண்டு தொல்லியல் துறைகளிடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் கடிதம் கையில் இருந்தால் பிளான் அப்ரூவலின்போது பேச்சு குறையும்.

இடம் பறிபோகும் என்ற பயம் வேண்டாம். ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க மத்தியச் சட்டப்படி 2 மாத முன்னறிவிப்பு தந்து ஆட்சேபணை கேட்க வேண்டும். நாலு பானை ஓட்டுக்காக யாரும் அந்த வேலையில் இறங்குவதில்லை.

வம்பு வருவது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில்தான். மண்ணுக்குள் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பொருளுக்கும் அது பொருந்தும். கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்தத் தேதி. கவனியுங்கள், கண்டெடுத்தவர் நீங்கள் இல்லை. ஜேசிபி ஓட்டுகிறவரோ கூலியாளோதான். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவாகி, உங்களுக்குள் வேறு ஒப்பந்தமும் இல்லையென்றால் முக்கால் பங்கு அவருக்கு, கால் பங்கு மனைக்காரரான உங்களுக்கு. அரசு விரும்பினால் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளும். மறைத்தால் அவருக்குப் பங்கும் போய் ஓராண்டு வரை சிறை. உடந்தை என்றால் உங்களுக்கு 6 மாதம் வரை.

நம் மாவட்டத்தில் இது வெறும் பேச்சும் இல்லை. கோனேரிப்பட்டியில் 1987இல் ரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. சேர்வராயன் மலையில் கிடைத்த கற்கோடரிகளைச் சாமியாக வைத்துக் கும்பிடுகிறவர்களும் உண்டு.

சட்டம் கேட்காவிட்டாலும், கடைக்காலுக்கு முன் ஒரு சோதனைக் குழி போடுங்கள். எப்படியும் மண் பரிசோதனைக்கு ஆள் வருவார். அதோடு சேர்த்தால் செலவு அதிகமில்லை. குழியின் பக்கச் சுவரைப் பாருங்கள். சாம்பல் கலந்த கறுப்பு மண், கறுப்பு சிவப்புப் பானை ஓடு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுடுமண் வளையம் அடுக்கிய உறைகிணறு தெரிந்தால் வேலையை நிறுத்தி, போட்டோ எடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். பழைய வீட்டின் செங்கல் ஜல்லி மட்டும் என்றால் தொடரலாம்.

அப்புறம், காண்ட்ராக்டர் ஒப்பந்தம். தோண்டிய மண்ணை லோடு கணக்கில் அவரே விற்றுக்கொள்ளலாம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, ஏதாவது கிடைத்தால் அன்றே உங்களிடம் எழுத்தில் சொல்ல வேண்டும், பங்கு எப்படி, வேலை நிற்கும் நாட்களுக்கு வண்டி வாடகை யார் பொறுப்பு என்று மூன்றையும் சேருங்கள்.