வீட்டில் முன்பு யார் இருந்தார்கள்?

கேள்வி: காரைக்குடியில் இருபக்கமும் சுவர் ஒட்டிய பழைய வீடொன்றை வாங்கினோம். நிலைக்கு மேலே நான்கு எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. முன்பு யார் குடியிருந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாக முடியும், அம்மா. அந்த எழுத்துகளை அழித்துவிடாதீர்கள். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீடென்றால் அவை முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளாக இருக்கும்; அதுதான் அந்தக் குடும்பத்தின் விலாசம். பரணில் பழைய பித்தளைச் சாமான் கிடந்தால் விளிம்பைப் புளி போட்டுத் தேயுங்கள். அதே எழுத்துகளை வெட்டியிருப்பார்கள்.

அப்புறம் வில்லங்கச் சான்று; சொத்து யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று பதிவானதை அது காட்டும். மிகப் பழையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். மாவட்டப் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். சிவகங்கை 1985-இல் வந்தது. அதற்கு முன் இராமநாதபுரம், 1910-க்கு முன் மதுரை.

உங்கள் பத்திரம் தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் அவர்களுடைய மூலப்பத்திரத்தைக் கேளுங்கள். நான்கெல்லை சொல்லும் இடத்தில் ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு’ என்று எழுதியிருக்கும். உங்கள் வீடு அதற்குக் கிழக்கே இருந்தால், அந்த இன்னார்தான் அப்போது உங்கள் வீட்டின் சொந்தக்காரர். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. சுவர் ஒட்டிய வீடுகளுக்குக் கைகொடுக்கும்.

வாடகைக்கு இருந்தவர்கள் பத்திரத்தில் வரமாட்டார்கள். பழைய வாக்காளர் பட்டியலையும் தெருப் பெரியவர்களையும் கேளுங்கள்.

குடும்பத்தின் கோயில் பிள்ளையார்பட்டியா, மாத்தூரா, வேறா என்று தெரிந்தால் அங்கேயும் விசாரியுங்கள். நகரத்தார் திருமணமானதும் தங்கள் கோயிலில் ‘புள்ளி’யாக, அதாவது தனிக் குடும்பமாக, பதிவார்கள். விலாசத்தைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.