ஐந்தடி மேசையில் ஈரோடு ஜங்ஷன் எதற்கு?

கேள்வி: வீட்டில் ஐந்தடிக்கு மூன்றடி மேசை இருக்கிறது. ஹெச்.ஓ. அளவு மாடல் ரயிலில் ஈரோடு ஜங்ஷனும் பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் மலை ரயிலும் வைக்க ஆசை. வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓட்டினேன். விளையாட்டுச் சாமான் மாதிரியே தெரிகிறது. என்ன தப்பு?
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: தப்பு கையில் இல்லைங்க, ஆசையில் இருக்கிறது. ஹெச்.ஓ. என்றால் நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. சென்னை ஐ.சி.எஃப். ஆலையின் நீலப் பயணிகள் பெட்டி ஒன்று இந்த அளவில் 24 செ.மீ. வரும். எஞ்சினும் ஐந்து பெட்டியும் வரிசையாக நின்றால் உங்கள் மேசை தீர்ந்தது. இருபது பெட்டி வண்டி நிற்கப் பதினாறு அடி வேண்டும். இதில் ஜங்ஷன் எங்கே வைப்பது?

மலை ரயிலையும் மறந்துவிடுங்கள். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு ஓரடி ஏற்றம். அங்கே பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது. உங்கள் எஞ்சின் வழுக்கும்.

கிணத்துக்கடவு பக்கம் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி ஒரு சின்ன ஸ்டேஷன் போதும். ஒரு மெயின் லைன், தடம் பிரிய ஒரு பாயிண்ட், குடோனுக்குப் போகும் ஒரு சைடிங். லைனை மேசை விளிம்புக்கு இணையாகப் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போடுங்கள். ஒரு முனை ரோட்டு மேம்பாலத்துக்கு அடியிலும், மறுமுனை குடோன் சுவருக்குப் பின்னாலும் மறையட்டும். வண்டி எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவரைக்கும் அது ரயில், தெரிந்துவிட்டால் பொம்மை.

வட்டமே கூடாதா என்றால், வீட்டில் குழந்தை இருந்தால் போடலாம். நிற்கிற வண்டியைக் குழந்தை இரண்டு நிமிஷம்கூடப் பார்க்காது. ஆனால் பின்பாதி வட்டத்தை, வானம் வரைந்த அட்டைக்குப் பின்னால் மறைத்தாக வேண்டும். அங்கே அரை நிமிஷம் வண்டியை நிறுத்தி வையுங்கள். திரும்பி வரும்போது அது வேறு வண்டி. தடம் புரண்டால் கை நுழைய பின்பக்கம் திறந்திருக்கட்டும். மேசையைச் சுவரோடு ஒட்டிவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள். இந்த வளைவில் நீளப் பெட்டிகளின் மூலைகள் அசிங்கமாக வெளியே துருத்தும். அதனால் கூட்ஸ் வேகன் மட்டும் ஓட்டுங்கள்.

மரத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பதினைந்து மீட்டர் தென்னை இந்த அளவில் 17 செ.மீ. உயரம். கடையில் விற்பது பாதிகூட இருக்காது. பொள்ளாச்சித் தோப்பு வேண்டுமென்றால் நீங்களே கம்பி சுற்றிச் செய்ய வேண்டியதுதான். தண்டவாளத்துக்கு மீன் தொட்டிக் கல்லைக் கொட்டாதீர்கள். நிஜ ஜல்லியே 65 மி.மீ.தான்; மேசையில் அது முக்கால் மி.மீ. எம்-சாண்டைச் சலித்துப் போட்டு, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். நம்ம ஊர்ச் செம்மண் தாராளமாகப் போடலாம். ஆனால் முதலில் அதையும் மணலையும் காந்தத்தால் துழாவி எடுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். விட்டால் மோட்டாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனைமலையைப் பச்சையாக வரையாதீர்கள். தூரத்து மலை வெளிறிய நீலம்தான்.

“மலை, குகை, பாலம் எல்லாம் சேர்த்து ஃபுல் செட் போட்டுத் தர்றேன்” என்று வருகிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டு எஞ்சினுக்கு “கஸ்டம்ஸை நான் பார்த்துக்கறேன்” என்பவர் அதைவிட ஆபத்து. அப்படி ஒருவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு எட்டு மாதம் போன் செய்து அலுத்தவன் நான். இவர்கள் பிழைப்பது யாரால்? பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70. மாடல் ரயிலும் அதே பட்டியலில்தான். ரிட்டயர் ஆனவர் வாங்கும் எஞ்சினும் குழந்தையின் கிலுகிலுப்பையும் அரசாங்கத்துக்கு ஒன்று! சொல்லி என்ன ஆகப்போகிறது.

பழைய எஞ்சின் வாங்கினால், அது வேகமாக ஓடும் வீடியோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். எறும்பு ஊர்கிற வேகத்தில், நிற்காமல் ஓரடி போகிற வீடியோ கேளுங்கள். அதையும் நீங்கள் உடனே வாங்க வேண்டாம். முதலில் நியூஸ் பேப்பரை 24 செ.மீ. பட்டைகளாகவும், வேகனுக்கு 12 செ.மீ. பட்டைகளாகவும் வெட்டி ஒரு வாரம் மேசையில் நகர்த்திப் பாருங்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணை மேசை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் எந்த ரயிலும் பொம்மைதான்.