கிரிஸ்பர் வந்துவிட்ட பிறகு ஜிங்க் ஃபிங்கர் நியூக்ளியேஸ் பற்றிப் படிப்பது வீண்தானா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஆய்வுத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர் என்று தோன்றுகிறது. வீண் இல்லை என்பதே என் பதில்; முனைவர் பட்டத்துக்காக அந்த நொதிகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டுமே டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டி மரபணுவைத் திருத்த உதவும் கருவிகள்.

ஃபாக்-1 என்ற பாக்டீரிய நொதியில், டிஎன்ஏவை அடையாளம் காணும் பகுதி வேறு, வெட்டும் பகுதி வேறு. 1996-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்ரீனிவாசன் சந்திரசேகரனின் குழு, அடையாளம் காணும் பகுதியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் விரலுக்கு ஏறத்தாழ மூன்று டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் ஜிங்க் ஃபிங்கர்கள் என்ற விரல் போன்ற புரதத் துண்டுகளைப் பொருத்தியது; அதுதான் ஜிங்க் ஃபிங்கர் நியூக்ளியேஸ். வெட்டும் பகுதிகள் இரண்டு இணைந்தால்தான் வெட்டு விழும் என்பதால், இரண்டு சாவி போட்டுத் திறக்கும் வங்கி லாக்கரைப் போல, இலக்கின் இருபுறமும் ஒவ்வொரு புரதம் வந்து அமர வேண்டும்.

தாளில் இது எளிது. ஆனால் பக்கத்து விரலை மாற்றினால் இந்த விரலின் பிடிமானமும் மாறிவிடும். தனித்தனியே நன்றாக வேலை செய்தவை கோத்த பிறகு முரண்டு பிடிக்கும். வெட்டு விழுந்ததா என்று அறிய, பிசிஆரில் பெருக்கிய டிஎன்ஏவை உருக்கி மீண்டும் இணையவிட்டு, இழைகள் பொருந்தாத இடத்தில் வெட்டும் டி7 எண்டோநியூக்ளியேஸ் நொதியைச் சேர்த்து, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுவோம். முழுப் பட்டைக்குக் கீழே மங்கலாக இரண்டு பட்டைகள் தெரிய வேண்டும். விரல்களையும் வெட்டும் பகுதியையும் இணைக்கும் துண்டைக் குறுக்கிய பிறகுதான் என் ஜெல்லில் அவை தெரிந்தன. அதுவும் என் கண்ணை நம்பாமல் பக்கத்து மேசைக்காரரை அழைத்துக் காட்டிய பிறகே நம்பினேன்.

கிரிஸ்பரைக் குறைத்துப் பேசுவதாக யாரும் பாய வேண்டாம். அதில் இலக்கை மாற்ற வழிகாட்டி ஆர்என்ஏவை மாற்றினால் போதும், புரதத்தையே மறுபடி வடிவமைக்கும் தலைவலி இல்லை. 2020-இல் அதற்கு நோபல் கிடைத்தது நியாயமே. இன்று தொடங்கினால் நானும் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் ஒரு வேலை நேர்காணலில், என் ஆய்வேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் "இது காலாவதியான நுட்பமாயிற்றே" என்றார் ஒருவர். இலக்கு தவறிய வெட்டுகளைக் குறைக்க, வெட்டும் திறன் நீக்கிய காஸ்9 என்ற கிரிஸ்பர் புரதத்துடன் 2014-இல் இணைக்கப்பட்டது இதே ஃபாக்-1 பகுதிதான் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் அதற்குள் அடுத்தவரை உள்ளே அழைக்கச் சொல்லிவிட்டார்.